குடியை விட நினைப்பவனுக்கு யார் துணை?



 

மதுபானம் ஹராம் என்பதை எடுத்துரைக்க நாம் இதனை எழுதவில்லை. அதை அறியாத முஸ்லிம் இந்நாட்டில் ஒருவரும் இரார். தொழாதவனுக்கும் அது தெரியும். குடிக்கிறவனுக்கு நம்மைவிட நன்றாகவே தெரியும். நாம் பேச வந்த விஷயம் வேறு. ஹராம் என்று தெரிந்தும், விட்டுவிட வேண்டும் என்று நூறு முறை நிய்யத்து வைத்தும், விட முடியாமல் தவிக்கிறானே நம் சகோதரன், அவனுக்கு நாம் செய்வது என்ன?

“நம் சமுதாயத்தில் அந்தப் பழக்கம் ஏது? அது தோட்டப்புறத்து விவகாரமல்லவா?” என்று கேட்கும் பெரியவர்கள் உண்டு. தோட்டப்புறத்து மக்களைப் பற்றி அவ்வளவு இலேசாகப் பேச வேண்டாம். கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் 1941ஆம் ஆண்டில் வேலை நிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வு கேட்டதோடு, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதையும் ஒரு கோரிக்கையாக வைத்தார்கள். தோட்டத்திலேயே கள்ளுக்கடை இருந்த காலம் அது. கையில் வாங்கிய கூலி அந்தியிலே அங்கேயே போய்ச் சேர்ந்துவிடும். அந்த ஏழை மக்கள் தங்கள் நோயைப் பெயர் சொல்லி அழைத்து, அதை மூடச் சொல்லி நின்றார்கள். கடைத்தெருவில் இருக்கிற நாமோ அதன் பெயரைச் சொல்லவே கூசுகிறோம். நம்மிடம் குடி குறைவாக இருக்கலாம். ஆனால் இருப்பதெல்லாம் மறைவாக இருக்கிறது. மறைந்திருக்கும் நோய்க்கு மருந்து போய்ச் சேருவதில்லை.

மஸ்ஜித் இந்தியா சாலையிலும், லெபோ அம்பாங்கிலும், கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் கடை வைத்திருப்பவர்களுக்கு நாம் சொல்வது விளங்கும். இரவு பதினொரு மணிக்குக் கடை அடைத்து, கணக்குப் பார்த்து, மாடி அறைக்கு ஏறுகிறான் ஒருவன். மனைவி மக்கள் இராமநாதபுரத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறார்கள். போனில் பேசினால் பணத்தைப் பற்றிய பேச்சு, பேசாவிட்டால் தனிமை. முதலில் ஒரு பீர் டின், பிறகு மலிவான சம்சு. காலையில் வாய் மணம் தெரியாமலிருக்க ஏலக்காயும் கிராம்பும். ஸுப்ஹு தப்புகிறது, பிறகு ஜும்ஆவும் தப்புகிறது. கல்லாவில் சில்லறை குறைகிறது. பையன்களில் தொடங்கிப் பங்காளிகள், முதலாளிமார், முதலாளிமாரின் பிள்ளைகள் வரை இதில் பேதமில்லை. பெண்களிலும் உண்டு, அது இன்னும் ஆழத்தில் புதைந்து கிடக்கிறது.

விஷயம் வெளிப்பட்டதும் நடப்பது என்ன? நம்மவர் கையில் இரண்டு வைத்தியங்கள்தாம் உண்டு. ஒன்று, திருமறையின் மீது சத்தியம் வாங்குவது. மற்றொன்று, டிக்கெட் எடுத்து ஊருக்கு ஏற்றி அனுப்பிவிடுவது.

சத்தியம் வாங்கியவர்கள் பின்பு நடப்பதைக் கவனிப்பதில்லை. பத்து நாளில் அவன் சத்தியத்தை முறிப்பான். குடித்த பாவத்தோடு சத்தியத்தை முறித்த பாவமும் சேர்ந்து அவன் நெஞ்சில் ஏறும். இனி என்ன மிச்சம் என்று இன்னும் அதிகமாகக் குடிப்பான். மாயிதா சூராவை ஓதுகிறவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். சத்தியத்தை முறித்தவனுக்குரிய பரிகாரத்தைக் கூறும் ஆயத்து எண்பத்தொன்பதாவது. மதுவைத் தடுக்கும் ஆயத்து அதற்கு அடுத்த தொண்ணூறாவது. ஊருக்கு அனுப்புகிறார்களே, அந்த ஊரிலோ 2003ஆம் ஆண்டு முதல் டாஸ்மாக் என்ற பெயரில் அரசாங்கமே சில்லறையில் மது விற்கிறது! நோயாளியைக் கண்ணுக்கு மறைத்துவிட்டோம் என்பதைத் தவிர வேறென்ன சாதித்தோம்?

ரசூலுல்லாஹி (ஸல்) அவர்களின் காலத்தில் நடந்ததைப் பார்ப்போம். அப்துல்லாஹ் என்றொரு மனிதர் மதீனாவில் இருந்தார். வேடிக்கையாகப் பேசி நாயகம் (ஸல்) அவர்களைச் சிரிக்க வைப்பவர். அவருக்குக் குடிப்பழக்கம் இருந்தது. தண்டனையும் பெற்றார், ஒரு முறையன்று, பல முறை. அப்படி ஒருமுறை கொண்டு வரப்பட்டபோது கூட்டத்திலிருந்த ஒருவர், இவன் எத்தனை தடவைதான் வருவான் என்று சலித்துச் சபித்துவிட்டார். நாயகம் (ஸல்) அவர்கள் உடனே தடுத்தார்கள். அவர் அல்லாஹ்வையும் அவன் ரசூலையும் நேசிப்பவர், அவரைச் சபிக்க வேண்டாம் என்றார்கள். புகாரி ஷரீபில் உள்ள செய்தி இது. குடித்தவருக்குத் தண்டனையும் உண்டு, அவர் நெஞ்சில் அன்பு இருக்கிறதென்ற சாட்சியமும் உண்டு. அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இன்னொரு ஹதீஸில், அடி வாங்கித் திரும்பிய மனிதரை ஒருவர் இழித்துப் பேசியபோது, உங்கள் சகோதரனுக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவி செய்யாதீர்கள் என்ற கருத்தில் தடுத்திருக்கிறார்கள்.

உமர் (ரலி) அவர்கள் விஷயமாகத் தப்ஸீர்களில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. ஷாம் நாட்டிலிருந்து அவர்களிடம் வந்து போய்க்கொண்டிருந்த ஒருவரைக் காணவில்லை. விசாரித்தால், அவர் குடியில் விழுந்துவிட்டார் என்று தெரிந்தது. கலீபா சபிக்கவில்லை; ஆள் அனுப்பிக் கட்டி இழுத்து வரவுமில்லை. கடிதம் எழுதினார்கள். பாவத்தை மன்னிப்பவனும் தவ்பாவை ஏற்பவனுமாகிய இறைவனைப் பற்றிய ஆயத்தை அதில் எழுதி அனுப்பிவிட்டு, தம்மைச் சுற்றி இருந்தவர்களையும் அவருக்காக துஆ செய்யச் சொன்னார்கள். அம்மனிதர் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்து அழுது, குடியை விட்டார். வழுக்கி விழுந்தவனை இப்படித்தான் தூக்கிவிட வேண்டும் என்று உமர் (ரலி) அவர்கள் மற்றவர்களுக்கும் சொன்னார்கள்.

நிற்க. துஆவும் அன்பும் இருந்தும் வழி தெரியவில்லையே என்பவர்களுக்காக இனி எழுதுகிறோம்.

1935ஆம் ஆண்டு மே மாதம். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் ஆக்ரன் என்ற ஊருக்கு நியூயார்க்கிலிருந்து ஒரு பங்கு வர்த்தகர் வந்திருந்தார். பில் வில்சன் என்று பெயர். குடியால் தொழிலை இழந்தவர். விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. ஒரு கம்பெனியின் நிர்வாகத்தைக் கைப்பற்றும் வியாபார முயற்சியாக வந்தார், அது தோற்றது. கையில் காசு குறைவு; அந்நிய ஊர்; ஓட்டல் கூடத்தில் தனியாக நிற்கிறார்; பக்கத்தில் மதுக்கூடத்திலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கிறது. வியாபாரத்தில் அடிபட்டு வெளியூரில் ஓர் இரவைத் தனியாகக் கழித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! அந்த நிமிஷத்தில் அவர் செய்ததுதான் விசேஷம். தன்னைப்போலவே குடியோடு போராடும் இன்னொருவர் இவ்வூரில் இருக்கிறாரா என்று தொலைபேசியில் ஒவ்வொருவராகக் கேட்டார். அப்படிக் கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித் என்னும் அறுவைச் சிகிச்சை நிபுணர். பதினைந்து நிமிஷம் பேசினால் போதும் என்று வந்த டாக்டர், பல மணி நேரம் இருந்து பேசினார். காரணம், தமக்கு உபதேசம் செய்யாமல், தன் கதையைச் சொன்ன முதல் மனிதரை அன்று அவர் கண்டார். டாக்டர் கடைசியாகக் குடித்தது 1935 ஜூன் 10. அந்த நாளைத்தான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., தன் தொடக்க நாளாகக் கொண்டிருக்கிறது. பெயர் வெளியிடாத குடிநோயாளிகள் என்று பொருள் கொள்ளலாம். இன்று சுமார் 180 நாடுகளில் இருக்கிறது. நம் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் இத்தகைய கூட்டங்கள் உண்டு.

கூட்டத்தில் என்ன நடக்கிறது? ஓர் அறை, நாற்காலிகள், தேநீர். ஒருவர் தன் முதற்பெயரை மட்டும் சொல்லி, தான் குடிநோயாளி என்று கூறி, எப்படி விழுந்தார், எப்படி எழுந்தார் என்று பேசுவார். பிறகு இன்னொருவர். யாரும் குறுக்கிடுவதில்லை, யாரும் தீர்ப்புச் சொல்வதில்லை. பேச விரும்பாதவர் பேசாமலே இருந்துவிட்டுப் போகலாம். ஒன்று ஒன்றரை மணி நேரத்தில் கூட்டம் முடியும். பெயர்ப் பதிவேடு இல்லை. சந்தா இல்லை. குடியை விட வேண்டும் என்ற ஆசை ஒன்றே தகுதி. பழையவர் ஒருவர் புதியவருக்குத் துணையாக அமைவார். நள்ளிரவில் நாக்கு வறண்டு கை பரபரக்கும்போது போன் செய்ய ஓர் ஆள் இருக்கும். வாழ்நாள் முழுவதும் குடிக்கமாட்டேன் என்று அங்கே சத்தியம் கேட்பதில்லை. இன்று ஒரு நாள் குடிக்காமல் இரு என்கிறார்கள். நாளை பிறக்கும்போது நாளையைப் பார்த்துக்கொள்ளலாம்.

செலவுக்காகத் தொப்பியோ தட்டோ சுற்றி வரும். போடலாம், போடாமலும் இருக்கலாம். ஆனால் வெளியாரிடம் ஒரு காசும் வாங்கமாட்டார்கள். இதை ஏன் சொல்கிறோமென்றால், நல்ல காரியம் என்று கேள்விப்பட்டதும் நம் வர்த்தகப் பெருமக்கள் முதலில் காசோலைப் புத்தகத்தைத் தேடுவார்கள். இங்கே அது செல்லாது!

பலன் உண்டா என்று கேட்பது வியாபாரியின் உரிமை. 2020ஆம் ஆண்டில் கோக்ரன் என்ற மருத்துவ ஆய்வுத் தொகுப்பு, 27 ஆய்வுகளையும் 10,565 பேரையும் எடுத்துப் பார்த்தது. குடியை அறவே விட்டிருக்கச் செய்வதில், முறையாக நடத்தப்பட்ட ஏ.ஏ. வழி, மற்றச் சிகிச்சை முறைகளுக்குச் சமமாகவும் சிலவற்றில் மேலாகவும் நின்றது என்று கண்டது. எல்லாரையும் அது காப்பாற்றும் என்று யாரும் கூறவில்லை, நாமும் கூறவில்லை.

இனி நம்மவர் எழுப்பும் ஆட்சேபங்கள். கூட்டம் மாதா கோயில் மண்டபத்தில் நடந்தால் முஸ்லிம் போகலாமா என்பது முதலாவது. உண்மையை மறைப்பானேன்? இவ்வியக்கம் தொடக்கத்தில் ஆக்ஸ்போர்டு குழு என்ற கிறிஸ்தவ இயக்கத்தின் அணைப்பில் இருந்தது. அதன் பன்னிரண்டு படிகளில் இறைவனைப் பற்றிய பேச்சு உண்டு. ஆனால் அவரவர் அறிந்த இறைவன் என்றே வைத்திருக்கிறார்கள். கூட்டம் பல இடங்களில் தேவாலய அறைகளில் நடப்பது வாடகை குறைவு என்பதால். பிறருடைய பிரார்த்தனை ஏதேனும் சொல்லப்பட்டால், நம் சகோதரர் வாய் மூடித் தம் துஆவை உள்ளத்தில் ஓதிக்கொள்ளலாம். அமெரிக்காவில் பால்டிமோர் நகர முஸ்லிம்கள் 1989இல் மில்லத்தி இஸ்லாமி என்ற பெயரில், இந்தப் படிகளையே இஸ்லாமிய முறைக்குத் தக்கபடி அமைத்துத் தங்களுக்கென்று கூட்டம் தொடங்கினார்கள். அது போல் இங்கே ஒன்று எழுந்தால் நமக்கு மகிழ்ச்சி. எழும் வரை குடிக்கிறவன் காத்திருக்க வேண்டும் என்பது நியாயமா?

ஹிஜ்ரத்தை நினைத்துப் பாருங்கள். நாயகம் (ஸல்) அவர்களும் அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்களும் மக்காவை விட்டுப் புறப்பட்டபோது, பிடித்துத் தருபவருக்கு நூறு ஒட்டகம் என்று குறைஷிகள் பரிசு கூறினார்கள். அந்த வேளையில் பாலைவனப் பாதை காட்ட அவர்கள் அமர்த்திக்கொண்ட மனிதர் யார்? அப்துல்லாஹ் இப்னு உரைகித். அவர் முஸ்லிம் அல்லர்; குறைஷிகளின் மார்க்கத்திலேயே இருந்தவர். ஆனால் அவருக்குப் பாதை தெரியும், நம்பிக்கைக்கும் உரியவர். இரண்டு ஒட்டகங்களை அவரிடம் ஒப்படைத்து, மூன்று இரவு கழித்து ஸவ்ர் குகைக்கு வரச் சொன்னார்கள். அவர் சொன்னபடி வந்தார். நூறு ஒட்டகத்துக்கு ஆசைப்பட்டுக் காட்டிக் கொடுக்கவில்லை. மதீனாவுக்குப் போகும் வழியையே அப்படி ஒருவரிடம் கேட்டுப் போயிருக்க, குடியிலிருந்து வெளியேறும் வழியை, அதே பாலைவனத்தைக் கடந்து வந்த பிரிக்பீல்ட்ஸ் கோபாலிடமோ கிள்ளான் அந்தோணியிடமோ கேட்டுப் போவதில் நம் ஈமானுக்கு என்ன குறை வந்துவிடும்?

இரண்டாவது ஆட்சேபம் கற்றவர்களிடமிருந்து வருவது. அல்லாஹ் மறைத்த பாவத்தைத் தானே பறைசாற்றுவது பெருங்குற்றம் என்று ஹதீஸ் இருக்கிறதே, நாலு பேர் முன்னால் குடித்தேன் என்று சொல்லலாமா என்பார்கள். நல்ல கேள்வி. இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ‘அத்கார்’ நூலில் இதற்கு வழி கூறியிருக்கிறார்கள். பாவத்தை வீணாக வெளியிடுவது ஆகாது. ஆனால் அதிலிருந்து விடுபடும் வழியைக் கற்றுத் தருவார் என்று நம்பப்படுகிறவரிடம் சொல்வதில் குற்றமில்லை என்பது அவர்கள் கருத்து. வைத்தியரிடம் வயிற்றுவலியைச் சொல்வது தம்பட்டம் ஆகாது. நாயகம் (ஸல்) தடுத்தது, பெருமையாகவும் அலட்சியமாகவும் பேசித் திரிவதை.

மூன்றாவது பயம் சட்டத்தைப் பற்றியது. கூட்டரசுப் பிரதேசத்தின் 1997ஆம் ஆண்டு ஷரீஅத் குற்றவியல் சட்டப்படி மது அருந்தும் முஸ்லிமுக்கு 3,000 வெள்ளி வரை அபராதமோ, இரண்டாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். சட்டம் இருப்பது சரியே. ஆனால் அந்தப் பயத்தினாலேயே, விட நினைக்கிறவனும் உதவி கேட்காமல் அறைக்குள் ஒளிகிறான். கூட்டத்திலோ பெயர்ப் பட்டியல் கிடையாது; அங்கே கண்டதையும் கேட்டதையும் வெளியே பேசுவதில்லை என்பது அவர்கள் கட்டுப்பாடு. அப்படியும் தெரிந்த முகம் எதிர்ப்பட்டுவிடுமே என்று கூசுபவர்கள், கிள்ளானில் இருந்தால் பிரிக்பீல்ட்ஸுக்கும், பிரிக்பீல்ட்ஸில் இருந்தால் கிள்ளானுக்கும் போகட்டும். கிள்ளானில் கொமியூட்டர் ரயில் ஏறினால் நேரே கேஎல் சென்ட்ரல், இறங்கினால் பிரிக்பீல்ட்ஸ்.

ஏ.ஏ. மலேசியா தன் கூட்டங்களின் நாள், நேரம், இடம் ஆகியவற்றை இணையத்தில் வெளியிட்டு வருகிறது. இவை மாறுவதுண்டு, ஆகவே புறப்படுமுன் போன் செய்து விசாரிப்பது நல்லது. கேட்க வேண்டியவை இரண்டு. கூட்டம் என்ன மொழியில் நடக்கிறது, தமிழில் உண்டா என்பது ஒன்று. திறந்த கூட்டமா, மூடிய கூட்டமா என்பது மற்றொன்று. திறந்த கூட்டத்துக்கு அண்ணனோ, முதலாளியோ, நண்பரோ கூடப் போய் உட்காரலாம். மூடிய கூட்டம் குடிநோயாளிகளுக்கு மட்டும். முதல் கூட்டம் பிடிக்கவில்லையென்றால் வேறொரு கூட்டத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும். ஒரு கடையில் சரக்கு மனதுக்குப் பிடிக்காவிட்டால் சந்தையையே விட்டு வந்துவிடுவோமா? மனைவிக்கும் தாய்க்கும் பிள்ளைகளுக்கும் ஆறுதலாக அல்-அனான் என்ற தனிக் கூட்டமும் 1951 முதல் உலகில் நடந்து வருகிறது.

ஒரு முக்கிய எச்சரிக்கை. ரமலான் பிறை தெரிந்ததும் இன்றோடு விட்டேன் என்று ஒரேயடியாக நிறுத்துபவர்கள் நம்மில் உண்டு. எப்போதாவது குடிப்பவனுக்கு அது பாதகமில்லை. ஆனால் நாள் தவறாமல் அதிகமாகக் குடித்து, காலையில் கை நடுங்கி, ஒரு மிடறு உள்ளே போனால்தான் நிற்கும் என்ற நிலைக்கு வந்துவிட்டவனுக்கு, திடீரென்று நிறுத்துவது உயிராபத்து. முதல் நாளிலேயே நடுக்கமும் வியர்வையும் காணும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாளில் புத்தி தடுமாறி, இல்லாததைக் கண்டு அலறும் நிலை வரலாம். அதில் இறந்தவர்கள் உண்டு. இது ஜின் பிடித்ததன்று. ஓதிப் பார்த்துக்கொண்டு அறையில் வைத்திருக்கவும் கூடாது. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையமோ, கோலாலம்பூர் மருத்துவமனையோ, கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹீமா மருத்துவமனையோ, எது அருகிலோ அங்கே கொண்டு போய், எவ்வளவு குடித்தான், கடைசியாக எப்போது குடித்தான் என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மருந்து கொடுத்துப் படிப்படியாக அமைதிப்படுத்த டாக்டர்களுக்குத் தெரியும். நோயாளி நோன்பைப் பின்னால் களாச் செய்யலாம் என்ற சலுகை திருமறையிலேயே உண்டு. கூட்டம் மருத்துவத்துக்குப் பதிலாகாது. உடல் தெளிந்தபின் மனதைத் தாங்கிப் பிடிப்பது அதன் வேலை.

மதீனாவில் மது விலக்கு ஆயத்து இறங்கிய நாளை அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அபூதல்ஹா (ரலி) வீட்டில் அவர்களே ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தெருவில் அறிவிப்பாளரின் குரல் கேட்டது. இருந்ததையெல்லாம் கொட்டினார்கள், மதீனாவின் தெருக்களில் மது ஓடியது. அன்று ஒருவன் தனியாக விடவில்லை, ஊரே சேர்ந்து விட்டது. இன்று நம் கடைத்தெருவில் விட நினைப்பவன் தனியாக விட வேண்டியிருக்கிறது. அவன் தேடிப் போகும் அறையில் பத்துப் பேர் இருந்தால் அதுவே அவனுக்குச் சிறு ஊர்.

நம் சங்க நிர்வாகிகளுக்கும் பள்ளிவாசல் பரிபாலனத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஒரு மாலை, மக்ரிபுக்குப் பின், ஓர் அறையை இப்படிப்பட்ட கூட்டத்துக்குக் கொடுக்க முன்வரலாம். இனாமாகக் கொடுக்க முயல வேண்டாம். வாடகை கொடுப்போம் என்றே அவர்கள் சொல்வார்கள், சிறு தொகையாக வாங்கிக்கொள்ளுங்கள். வாசலில் பெயர்ப் பலகை மாட்ட வேண்டாம். யார் வருகிறார் என்று பார்க்க நாற்காலி போட்டு உட்காரவும் வேண்டாம்!

கடை முதலாளிமாருக்கு இன்னும் எளிய வேலை. உங்களிடம் இருப்பவன் ஒருவன் போகச் சம்மதித்தால், கூட்ட நாளன்று ஏழு மணிக்கே அவனை விட்டுவிடுங்கள். அந்த இரண்டு மூன்று மணி நேரம் கல்லாவில் நீங்களே உட்காரலாம். மற்றப் பையன்கள் கேட்டால் டாக்டரிடம் போயிருக்கிறான் என்று சொல்லுங்கள், அது பொய்யாகாது. சம்பளத்தில் பிடிக்க வேண்டாம். சில மாதங்களுக்குப் பணத்தை அவன் கையில் மொத்தமாகக் கொடுக்காமல், அவன் சம்மதத்தோடு வீட்டுக்கு நேரே அனுப்பி வையுங்கள். இடையில் ஒருமுறை தவறிக் குடித்துவிட்டால், மதீனாவில் அந்த அப்துல்லாஹ் எத்தனை முறை வந்தார் என்பதை நினைத்து, மறுபடியும் அனுப்புங்கள். முதல் நாள் திறந்த கூட்டமாக இருந்தால் கூடவே போய் வாருங்கள். பின்வரிசையில் ஒரு நாற்காலி கிடைக்கும். இரவு அவன் தனியாகத் திரும்பி வரும் நாட்களில், அங்கே என்ன பேசினாய் என்று கேட்க வேண்டாம். சாப்பிட்டாயா தம்பி என்று கேட்டால் போதும்.